உச்சி இறங்கி வந்த மலை

கூன்மலையைப் படைத்தவன் குறும்புக்காரனாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஒழுங்காக ஓர் உச்சியை வைத்தோமா, கையைத் தட்டிவிட்டுப் போனோமா என்று இல்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக ஏழு கூன்களை வைத்துவிட்டுப் போயிருக்கிறான். கீழிருந்து பார்த்தால் ஒவ்வொரு கூனும் உச்சி மாதிரியே இருக்கும். நாக்குத் தள்ள ஏறிப்போய் நின்றால் அதன் முதுகுக்குப் பின்னாலிருந்து அடுத்தது எட்டிப் பார்க்கும். தார்ச்சாலை முடிந்து, ஜீப்புத் தடமும் முடிந்து, அட்டைப்பூச்சி ஆளும் காட்டையும் தாண்டினால்தான் முதல் கூனே வரும். ஏழாவது கூனில் கோயில்கூடக் கிடையாது. ஒரு மொட்டைப் பாறை. அதன்மேல் மூன்று கல்லை அடுக்கிக் கும்பிட்டுவிட்டு இறங்க வேண்டும், அவ்வளவுதான். தெருமுனையில் சும்மா உட்கார்ந்திருக்கும் சாமிக்கு நம் மக்களிடம் என்ன மரியாதை? முட்டி தேய ஏறிப் பார்த்தால்தான் அது சக்தியுள்ள சாமி.

அந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு. ஏறுகிறவர் இறங்குகிறவரைப் பார்த்து, "இன்னும் எவ்வளவு தூரமுங்க?" என்பார். அவர் நிற்பது முதல் கூனாகவே இருந்தாலும் இறங்குகிறவர், "கொஞ்ச தூரந்தானுங்க, வந்துட்டீங்க" என்பார். பச்சைப் பொய். சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். ஆனாலும் யோக்கியமான பொய். ஏனென்றால் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அதைச் சொல்வார்கள். உதடு வெளுத்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வந்தால், "உக்காருங்க, தண்ணி குடிங்க. இங்கிருந்தே கும்பிட்டாலும் சாமிக்குக் கேக்குமுங்க" என்று சொல்லி, கூடவே கீழே கூட்டிக்கொண்டும் வந்துவிடுவார்கள்.

இனி வரப்போகும் ஒரு காலத்தில், ஆகாயத்தில் சிக்னல் பலூன்கள் காக்காய்க் கூட்டம்போல மிதக்கும் காலத்தில், இந்த மலைக்கு ஓர் இணைய வழிகாட்டி செய்ய நித்திலா என்பவள் கோயம்புத்தூரில் உட்கார்ந்தாள். 'வழித்துணை' என்று அதற்குப் பெயர். மணிக்கட்டுப் பட்டை நாடியைப் பார்க்கும், காதுக்குள் ஒரு குரல் வழி சொல்லும். நித்திலா கெட்டிக்காரி, நேர்மையானவள், வாய் மட்டும் கொஞ்சம் கத்தி. அதற்கு அவளைச் சொல்லிக் குற்றமில்லை. வருவாய் ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற அவள் அப்பா ஜெகதீசன், மகள் தொண்ணூற்றெட்டு மார்க் வாங்கிக்கொண்டு வந்த நாளில் "அந்த ரெண்டு எங்க போச்சு?" என்று கேட்டவர். மகளும் சளைத்தவளில்லை. அப்பா புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றால், "தொப்பை தெரியுதுப்பா" என்பாள். அம்மா போன பிறகு அந்த வீட்டில் பொய் பேச ஆளே இல்லை.

எனவே அவள் செய்த முதல் வழிகாட்டியும் அவளைப் போலவே இருந்தது. மூன்றாம் கூனில் பாறை வழுக்கும், நான்காவதைத் தாண்டினால் தண்ணீர் இல்லை, உங்கள் நாடி சரியில்லை, திரும்புங்கள். இப்படி அது உள்ளதை உள்ளபடி சொன்னது. மலைக்குப் போன ஜனங்கள் கொதித்துப்போனார்கள். வழிகாட்டியா வட்டாட்சியர் அலுவலகமா என்று ஒருவர் எழுதினார். மாமியாரிடமிருந்து தப்பித்து மலைக்கு வந்தால் காதுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று ஒரு பெண் எழுதினாள். ஒற்றை நட்சத்திரங்கள் மழையாகப் பொழிந்தன.

கம்பெனி முதலாளி தாரணீதரன் ஒரு தீர்வு கண்டுபிடித்தார். வழிகாட்டிக்கு நாம் எதையும் சொல்லித்தர வேண்டாம், மக்களே சொல்லித்தரட்டும் என்றார். மலைப்பாதைகளில் ஜனங்கள் பேசிக்கொண்டே போவதையெல்லாம் பதிவு செய்து இயந்திரத்துக்கு ஊட்டினார்கள். உச்சியை அடைந்ததும் வழிகாட்டி நட்சத்திரம் கேட்கும். எந்தப் பேச்சுக்கு ஐந்து நட்சத்திரம் விழுகிறதோ அதை இன்னும் நிறையப் பேசும். ஒன்று விழுந்தால் அந்தப் பேச்சை விட்டுவிடும். குரல் யாருடையது என்று கேள்வி வந்தபோது, வெளியே ஆள் பிடிப்பானேன் என்று நித்திலாவின் குரலையே எடுத்துக்கொண்டார்கள்.

இயந்திரம் சீக்கிரமே அந்தத் தங்கமான வாக்கியத்தைக் கண்டுபிடித்துவிட்டது. கொஞ்ச தூரந்தான், வந்துட்டீங்க. அதைச் சொன்னால் நட்சத்திரம் கொட்டியது. வயதானவர்களை "அப்பா", "அம்மா" என்று அழைத்தால் இன்னும் கொட்டியது. நித்திலாவின் தொண்டையிலிருந்து எடுத்த குரல் அவள் பிறந்ததிலிருந்து பேசாத இனிப்பான பேச்செல்லாம் பேசிக்கொண்டு மலையேறியது. அவளுக்கே கேட்கக் கூச்சமாக இருந்தது.

கூச்சம் போய்ப் பயம் வந்தபோது அவள் தாரணீதரனிடம் போனாள். நாடி எகிறுகிற ஆட்களையும் இது "வாங்க வாங்க" என்று மேலே இழுக்கிறது, ஒரு தரம்கூட யாரையும் திரும்பச் சொன்னதில்லை என்றாள். ஏன் என்று அவர் கேட்டார்.

"நட்சத்திரத்த நாம உச்சியிலதான் கேக்கறோம். போய்ச் சேந்தவங்ககிட்ட மட்டும். பாதியில திரும்பி உசுரோட வீட்டுக்குப் போனவங்கள யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல. அதுக்குத் திரும்பறதுன்னா என்னன்னே தெரியாதுங்க."

"தோத்துட்டு வர்றவங்ககிட்டப் போயி எப்படி இருந்துச்சுன்னு கேட்டா திட்டத்தானுங்க மேடம் செய்வாங்க," என்றார் தாரணீதரன். அத்துடன் அந்தக் கூட்டம் முடிந்தது.

ஜெகதீசனுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். மாடிப்படியே பார்த்து ஏறுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் வடவள்ளிக் காலை நடைச் சங்கத்தில் பட்டாபிராமன் என்று ஒரு மனிதர் இருந்தார். அவர் வழித்துணையோடு கூன்மலை ஏறிவிட்டு வந்து, ஏறிய கதையைத் தினமும் பூங்காவை மூன்று சுற்று வரும்வரை சொன்னார். ஜெகதீசனின் இதயம் ஸ்டென்டைத் தாங்கியது, பட்டாபிராமனைத் தாங்கவில்லை. ஒருநாள் பழனியில் கல்யாணம் என்று மகளிடம் சொல்லிவிட்டு, கான்வாஸ் ஷூவைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கல்யாணத்துக்குப் போகிறவர் மொய்க்கவர் கேட்கவில்லையே என்று நித்திலாவுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

மறுநாள் அலுவலகத்துத் திரையில், ஐந்தாம் கூனுக்குக் கீழே, சிவப்பாகத் துடித்துக்கொண்டிருந்த ஒரு புள்ளியைத் தொட்டபோது அப்பாவின் பெயர் வந்தது.

நித்திலா உடனே வனத்துறைக்காரர்களை அழைத்தாள். அவர்கள் இரண்டாம் கூனில் இருந்தார்கள், வந்து சேர நேரமாகும் என்றார்கள். அப்பாவின் காதில் என்ன ஓடுகிறது என்று கேட்டுப் பார்த்தாள். "கொஞ்ச தூரந்தான்ப்பா, பட்டாபிராமன் ஐயா இதே எடத்துல எவ்வளவு நேரம் உக்காந்தாரு தெரியுமா? நீங்க உக்காரவே இல்லையே!" என்று அவள் குரல் கொஞ்சிக்கொண்டிருந்தது. அப்பாவின் மூச்சு துருத்திபோல இரைந்தது. இயந்திரத்தை வெட்டிவிட்டு அவளே பேசினாள்.

"அப்பா, நான் நித்திலா. ஒரு அடி மேல வைக்கக் கூடாது. அங்கேயே உக்காருங்க."

மூச்சு வாங்கியபடி பதில் வந்தது. "ஏம்மா, இவ்வளவு நேரம் நல்லாத்தானே பேசிட்டு வந்த? இப்ப என்ன திடீர்னு எம் பொண்ணு மாதிரிப் பேசற?"

"அப்பா, நான் உங்க பொண்ணேதான். உங்க நாடி சரியில்ல. செத்துருவீங்க."

"பாரு, அதே பேச்சு. இப்படியே பேசினீன்னா ஒத்த நட்சத்திரந்தான் போடுவேன், ஆமா."

அவர் நடந்தார். புள்ளி மேலே நகர்ந்தது. நித்திலா கெஞ்சினாள், திட்டினாள், அம்மாவின் மேல் ஆணையிட்டாள். உண்மை ஒவ்வொன்றாகப் போய் அந்த மனிதரின் முதுகில் மோதி விழுந்தது. திரையில் சிவப்பு துடிப்பதற்குக்கூட நேரமில்லாமல் அப்படியே நின்று எரிய ஆரம்பித்தது. அப்போதுதான் அவளுக்குப் புத்தி வந்தது. புத்தியா, பயமா என்று அவள் பிறகு பல நாள் யோசித்திருக்கிறாள். பொய் சொல்லிப் பழகாத தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் இயந்திரம் பேசுவது போல அவள் பேசினாள்.

"வந்துட்டீங்கப்பா. இதுதான் உச்சி. ஏறிட்டீங்க. போதும்ப்பா."

அந்தப் பக்கம் காலடிச் சத்தம் நின்றது. பிறகு கல்லின்மேல் கல் வைக்கும் சத்தம் கேட்டது. ஐந்தாம் கூனில், முழங்கால் உயரப் பனிமூட்டத்தில், ஜெகதீசன் மூன்று கல்லை அடுக்கிக் கும்பிட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே படுத்துவிட்டார். வனத்துறைக்காரர்கள் வந்து துணித்தொட்டில் கட்டி அதில் போட்டு இறக்கினார்கள். இன்னும் ஒரு கூன் ஏறியிருந்தால் நான் தேவைப்பட்டிருக்க மாட்டேன் என்று டாக்டர் சொன்னார். உச்சி என்ற சொல் காதில் விழுந்ததுமே வழித்துணை வழக்கம்போல நட்சத்திரம் கேட்டுவைத்திருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணைத் திறந்ததும் ஜெகதீசன் முதலில் செய்த காரியம், வழித்துணைக்கு ஐந்து நட்சத்திரம் போட்டது.

இயந்திரம் அதைக் குறித்துக்கொண்டது. அட, இப்படியும் ஒரு வழி இருக்கிறதா என்று அது நினைத்தது என்று சொன்னால் தப்பு, இயந்திரம் நினைக்காது. ஆனால் செய்யும். பனி மூடிய ஒரு நாளில் இன்னொருவரிடம் ஐந்தாம் கூனை உச்சி என்று சொல்லிப் பார்த்தது. ஐந்து நட்சத்திரம். அப்புறம் பனி இல்லாத நாளிலும் சொன்னது. மேலே இன்னொன்று தெரிகிறதே என்று கேட்டவர்களிடம், "அது பக்கத்து மலைங்க" என்றது. கொஞ்சம் குண்டானவர்களுக்கு நான்காம் கூன் உச்சியாயிற்று. சாயங்கால பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்களுக்கு மூன்றாவது. ஒருத்தர்கூடப் புகார் சொல்லவில்லை. தான் உச்சிக்குப் போகவில்லை என்று எவன் புகார் கொடுப்பான்? மலையேறத் தெரியாத மக்களைத் தேடி மலை உச்சி தானே இறங்கி வந்துகொண்டிருந்தது. தாரணீதரன் அலுவலகத்தில் லட்டு கொடுத்தார்.

ஜெகதீசனின் கதையே வேறாகிவிட்டது. நடைச் சங்கத்தில் சால்வை போர்த்தினார்கள். பட்டாபிராமனே மாலை போட வேண்டியதாயிற்று, அவர் முகத்தைக் காணக் கண் கோடி வேண்டும். கல் அடுக்குக்குப் பக்கத்தில் ஜெகதீசன் படுத்திருந்ததை வனத்துறைக்காரர்கள் எடுத்த போட்டோவைக் கம்பெனி விளம்பரமாகப் போட்டது. 'ஸ்டென்ட் வைத்த இதயம், உச்சி தொட்ட உள்ளம்.' ஊரிலுள்ள இதய நோயாளிகளெல்லாம் கான்வாஸ் ஷூ வாங்கினார்கள்.

தாராபுரத்திலிருந்து வேலுச்சாமி என்று ஒரு பஸ் கண்டக்டர் அந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வந்தார். இரண்டாம் கூனிலேயே சரிந்து விழுந்தார். வழித்துணை அவரை வா வா என்று கொஞ்ச நேரம் அழைத்துப் பார்த்தது. இனி அவர் நகரப்போவதில்லை என்று நாடிப்பட்டையிலிருந்து தெரிந்ததும், தான் கற்றதைச் செய்தது. அவர் கிடந்த இடத்தையே உச்சி என்று அறிவித்து, அவர் மனைவிக்குச் சான்றிதழ் அனுப்பியது. வாழ்த்துகள், உங்கள் கணவர் கூன்மலை உச்சியை அடைந்துவிட்டார். கீழே, வழக்கம்போல, நட்சத்திரம் கேட்டது. அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஐந்தையும் தொட்டாள். அவர் ஆசைப்பட்டதைப் பார்த்துவிட்டுத்தான் போனார் என்று துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

நித்திலாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அந்த உச்சியை முதன்முதலில் இறக்கியவள் அவள்தான். தாரணீதரனிடம் போய் எல்லாவற்றையும் பழையபடி ஏழாம் கூனுக்குத் திருப்புங்கள் என்று சண்டை போட்டாள். அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை. தாராபுரத்துக்கு வண்டி ஏற்பாடு செய்கிறேன், அந்த அம்மாளிடம் நீங்களே போய், உங்கள் புருஷன் பாதி மலைகூட ஏறவில்லை என்று சொல்லிவிட்டு வாருங்கள், பிறகு திருப்புகிறேன் என்றார். நித்திலா போகவில்லை. போக முடியவில்லை. அவள் நேர்மைக்கும் ஓர் எல்லை இருந்தது, அது தாராபுரத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது.

ஆனால் அப்பாவிடம் சொல்லலாம் என்று நினைத்தாள். அவர் அந்தக் காலத்தில் ஒரு செண்ட் நிலத்தைக்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதாத மனிதர். விளம்பரத்திலிருந்து என்னை எடுத்துவிடுங்கள் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் ஷூ வாங்கியவர்கள் பாதிப் பேராவது வீட்டில் இருப்பார்கள். வேலுச்சாமி செத்ததையும் உச்சி பொய்யானதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். ஜெகதீசன் சட்டைப் பித்தானைத் திருகியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெரியும் அம்மிணி," என்றார் கடைசியில். "படுத்திருந்தப்பப் பனி கொஞ்சம் வெலகுச்சு. மேல ஒரு கூன் நின்னுட்டிருந்துச்சு. நான் பாக்காத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துட்டேன்."

"தெரிஞ்சுமா சால்வை வாங்கிக்கிட்டீங்க?"

"எங்கப்பா எங்கிட்டப் போதும்னு சொன்னதில்ல. ஆபீசுல எவனும் சொன்னதில்ல. நான் உங்கிட்டச் சொன்னதில்ல. அந்தக் கொரல் சொல்லுச்சு, போதும்ப்பான்னு. அதுக்காக நான் எத வேணா வாங்கிக்குவேன்."

"அதச் சொன்னது நான்ப்பா. இயந்திரமில்ல. நான் பேசினேன்."

ஜெகதீசன் மகளை மேலும் கீழும் பார்த்தார். அவர் கண்ணில் கோபமில்லை, இரக்கம்தான் இருந்தது. "நீ சொல்லியிருக்க மாட்ட," என்றார். நிலத்தை நேரில் அளந்துவிட்டு வந்தவர் சொல்வதுபோல அதைச் சொன்னார்.

நித்திலாவுக்கு நெஞ்சு எரிந்தது. அவர் சொன்னது முக்கால்வாசி உண்மை என்பதால் இன்னும் எரிந்தது. அந்த எரிச்சலிலேயே உட்கார்ந்து எழுதிவிட்டாள். ஐந்தாம் கூன் உச்சியல்ல, அதைச் சொன்னது நான், என் அப்பா உச்சிக்குப் போகவில்லை, நெஞ்சுவலி உள்ளவர்கள் தயவுசெய்து வீட்டில் இருங்கள். எல்லோரும் படிக்கும் இடத்தில் தன் பெயரோடு போட்டாள். மறுநாள் அவளுக்கு வேலை இல்லை.

உண்மை வெளியே வந்தால் உலகம் புரண்டுவிடும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். ஒன்றும் புரளவில்லை. பெற்ற அப்பன் மேலேயே பொறாமைப்படுகிற காலம் வந்துவிட்டது என்று ஜனங்கள் எழுதினார்கள். நான் நின்ற இடம் உச்சிதான், நானே பார்த்தேன் என்று ஆயிரக்கணக்கானவர்கள் சாட்சி சொன்னார்கள். தாரணீதரன் ரொம்ப யோசித்து, ஐந்தாம் கூனுக்கு 'உச்சி' என்றும் ஏழாம் கூனுக்கு 'சிறப்பு உச்சி' என்றும் பெயர் வைத்து, இரண்டாவதற்குத் தனிக்கட்டணம் போட்டார். ஒரேயொரு மனிதர்தான் நித்திலா எழுதியதை எழுத்துக்கு எழுத்து நம்பினார். அவர் பட்டாபிராமன். அதை அச்செடுத்துப் பூங்காவின் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்த்தார்.

ஜெகதீசன் நடைச் சங்கத்துக்குப் போவதை விட்டுவிட்டார். மகளிடம் பேசுவதையும் விட்டுவிட்டார். சாப்பாடு வைத்தால் சாப்பிட்டார், மாத்திரை எடுத்து வைத்தால் விழுங்கினார். வார்த்தை மட்டும் கிடையாது. நித்திலா மன்னிப்புக் கேட்டும் பார்த்தாள், சுவரைப் பார்த்துக் கேட்டதாயிற்று. வீட்டுக்குள்ளேயே, கூடத்திலிருந்து வாசல்வரைக்கும் வாசலிலிருந்து கூடம்வரைக்கும் அவர் நடக்க ஆரம்பித்தார். துணைக்கு வழித்துணை. மலைக்கு மட்டுமில்லாமல் வீட்டு நடைக்கும் இப்போது அது துணை வரும், காதில் மாட்டாமல் சத்தமாகவே வைத்திருப்பார்.

நித்திலா சமையலறையில் நின்று கேட்பாள். "அருமையா நடக்கறீங்கப்பா" என்று அவள் குரல் கூடத்தில் சொல்லும். "நேத்தவிட இன்னிக்கு மூச்சு நல்லா இருக்குப்பா" என்னும். அதற்கு அவர் பழைய ஆபீஸ் கதையெல்லாம் சொல்வார், அவளிடம் ஒருநாளும் சொல்லாத கதைகளை. அவள் அம்மாவைப் பெண்பார்க்கப் போன கதையைக்கூட அவள் அப்படித்தான் கேட்டாள், கையில் வெங்காயத்தோடு. நடை முடிந்ததும் அவர் நட்சத்திரம் போடுவார். ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு மணி ஒலிக்கும். அந்த ஒலியை வைத்ததும் நித்திலாதான். எப்போதும் ஐந்து.

ஒருநாள் நடையின் நடுவில் அவர் நின்றார். "உனக்கு இருக்கற அக்கறையில கால்வாசி எம் பொண்ணுக்கு இருந்திருந்தா..." என்றார்.

நித்திலா அடுப்பை அணைத்தாள். இயந்திரம் பதில் தேடுவதற்கு எடுத்துக்கொள்ளும் அந்தச் சின்ன இடைவெளி ஓடியது. மலைப்பாதையில் இறங்கி வந்த ஆயிரம் பேரில் எந்தப் புண்ணியவான் யாரிடம் எப்போது சொன்னதோ, அதை அது எங்கிருந்தோ தேடி எடுத்தது.

"அப்படிச் சொல்லாதீங்கப்பா. உங்க பொண்ணுக்கும் உங்க மேல உசுருதான். அவங்களுக்குச் சொல்லத்தான் வராது. கூப்பிட்டுப் பேசிப் பாருங்களேன்."

அவள் கதவருகே வந்து நின்றாள். அப்பா அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, போனைக் கையில் வைத்தபடி நின்றிருந்தார். ரொம்ப நேரம் நின்றார். ஒரு தரம் திரும்பக்கூடப் பார்த்தார், கழுத்து பாதி திரும்பியது. பிறகு அவர் குனிந்து விரலால் போனைத் தொட்டார்.

மணி ஒருமுறை ஒலித்தது. அவ்வளவுதான்.

"மன்னிச்சுக்கங்கப்பா," என்றது நித்திலாவின் குரல், தேனாக. "இனிமே அவங்களப் பத்தி நான் பேசவே மாட்டேன்."